காலா பத்தர் படத்தின் சாட்சியம்

காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். அதோடு இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் பதினொன்று. எல்லாமே என் கட்சிக்காரரின் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து எடுத்தவை. லுக்லா விமானத் தளம், நாம்சே பஜார் கடைத்தெரு, தெங்போச்சே மடாலயம், கடைசியாகக் காலா பத்தர் மேட்டில் இரண்டு கைகளையும் விரித்துச் சிரிக்கும் படம். அந்தச் சிரிப்பைக் காட்டித்தான் அவருக்கு நோயே இல்லை என்று நிறுவனம் சொன்னது.

கட்சிக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியை. 2022 அக்டோபரில், காலாண்டு விடுமுறையோடு விடுப்பும் சேர்த்து எடுத்துக்கொண்டு, எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்துபோகக் கிளம்பினார். வெளிநாட்டுப் பயணக் காப்பீடும் எடுத்திருந்தார். வழிநெடுக எழுதிக்கொண்டே போனார். கூடப் படித்தவர்கள், பழைய மாணவர்கள், அவர்களின் பெற்றோர், முன்பின் அறியாதவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் அவர் எழுத்தின் பின்னாலேயே மலையேறியது. கயிற்றுப் பாலத்தில் யாக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதையும், விடுதி அடுப்பில் காய்ந்த சாணியை எரித்துக் குளிர்காய்வதையும் அவர் எழுதியதை நானும் படித்தேன். நல்ல எழுத்து. வகுப்பில் பாடம் நடத்துகிறவரின் தெளிவு அதில் இருந்தது.

அந்த எழுத்தில் இல்லாத ஒன்று உண்டு. 4,940 மீட்டர் உயரத்தில் உள்ள லொபூச்சேயில் தங்கிய இரவே அவருக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. மறுநாள் 5,164 மீட்டரில் உள்ள கோரக் ஷெப்புக்கு ஏறினார். அக்டோபர் 14 காலையில் 5,500 மீட்டருக்கும் மேலுள்ள காலா பத்தருக்குப் போய்ப் படமும் எடுத்துக்கொண்டார். அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். மாலையில் வறட்டு இருமல் வந்தது. இரவில், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. உயரத்தால் நுரையீரலில் நீர் கோக்கும் நோய் அது. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். தாமதித்தால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். விடியுமுன் குதிரையில் ஏற்றி பெரிச்சேவுக்குக் கொண்டுவந்தார்கள். இமாலய மீட்புச் சங்கம் 1973 முதல் அங்கே மருத்துவ நிலையம் நடத்திவருகிறது. அங்கிருந்த மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் ரத்த ஆக்சிஜன் 62 விழுக்காடு என்று இருந்தது. அந்த உயரத்தில் அது 85-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அன்றே ஹெலிகாப்டரில் காத்மாண்டு. ஹெலிகாப்டர் வாடகையும் மருத்துவமனைச் செலவும் சேர்ந்து நம் ரூபாயில் நான்கு லட்சத்தைத் தாண்டின.

நிறுவனம் சந்தேகப்பட்டதற்குப் பின்னணி இருந்தது. சில மலைநடை ஏற்பாட்டாளர்களும் ஹெலிகாப்டர்காரர்களும் மருத்துவமனைகளும் கூட்டுச் சேர்ந்து, சாதாரணத் தலைவலிக்கும் ஹெலிகாப்டர் வரவழைத்துக் காப்பீட்டுப் பணத்தைச் சுருட்டியதை 2018-இல் நேபாள அரசின் விசாரணையே வெளிக்கொண்டுவந்தது. ஊரில் திருட்டு நடந்திருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பையைச் சோதிக்கலாமா என்பதுதான் என் கேள்வி. பொதுவான சந்தேகம் தனியொருவர் மீதான ஆதாரம் ஆகாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையீட்டாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராக அலைய முடியாத ஒருவருக்கு இது பெரிய ஆறுதல். மாவட்ட ஆணையத்தில் முறையீடு தாக்கல் செய்தோம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அனுபவசாலி. அவர் இரண்டு வாதங்களை வைத்தார். ஒன்று, காத்மாண்டு மருத்துவமனைப் பதிவேட்டில் சேர்க்கை நேரம் பிற்பகல் 2.10. காலா பத்தர் படம் வெளியான நேரம் அன்றே 2.02. "இதைவிடப் பெரிய சுகம் வாழ்க்கையில் இல்லை" என்று அதன் கீழே எழுதியிருந்தது. மூச்சுத் திணறுகிறவர், மருத்துவமனையில் சேர எட்டு நிமிடம் இருக்கும்போது உட்கார்ந்து இதை எழுதுவாரா என்று கேட்டார். இரண்டு, "எவரெஸ்ட்டை நோக்கி ஏறுகிறேன்" என்று தொடர் முழுக்க அவரே எழுதியிருக்கிறார். பாலிசியோ மலையேற்ற விளையாட்டைக் காப்பீட்டிலிருந்து விலக்கியிருக்கிறது.

முதல் வாதத்துக்கு விடை தேடி ஆசிரியையிடமே கேட்டேன். "டீச்சர், அந்தப் படத்தை எப்போது போட்டீர்கள்?"

"முந்தின நாள் கோரக் ஷெப்ல எழுதிப் போட்டேன் சார். நெட் இழுக்கவே இல்ல. சுத்திக்கிட்டே இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

போன் அவருடன் வந்த தோழியிடம் இருந்தது. மருத்துவமனை வரவேற்பறையில் தோழி வைஃபை இணைத்ததும், தேங்கிக் கிடந்த பதிவு தானாகப் போய்விட்டது. இதைச் சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். சமூக ஊடகத்தில் ஏறும் படம், எடுத்த நேரம் முதலிய உள்விவரங்களை இழந்துவிடும். அசல் கோப்பில் அவை இருக்கும். நல்லவேளையாக ஆசிரியை அசலை அழிக்கவில்லை. அக்டோபர் 14 காலை என்று அது தெளிவாகக் காட்டியது. மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்றும், அசல் கருவியையே அதன் உரிமையாளர் கொண்டுவந்து நிரூபித்தால் அது தேவையில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் தெளிவுபடுத்தியிருந்தது. ஆசிரியை போனையே ஆணையத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்த எட்டு நிமிடக் கணக்கும் நிற்கவில்லை. ஃபேஸ்புக் காட்டும் நேரம், பார்ப்பவர் இருக்கும் நாட்டின் நேரம். நிறுவனத்தின் அலுவலர் இந்தியாவில் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். மருத்துவமனைப் பதிவேடோ நேபாள நேரத்தில் எழுதப்பட்டது. நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடப் பதினைந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. அப்படியானால் பதிவு வெளியானபோது காத்மாண்டில் மணி 2.17. அந்நேரம் அவர் அவசரப் பிரிவில் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தார் என்பதை நிறுவனமே தாக்கல் செய்த மருத்துவக் குறிப்பு சொன்னது. ஆணையத் தலைவர் எதிர்த்தரப்பைப் பார்த்து, "இரண்டும் ஒரே ஊர்க் கடிகாரம்தானா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது வாதத்துக்குப் பாலிசியின் சொற்களே பதில் தந்தன. கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றத்துக்குத்தான் விலக்கு. அந்தப் பாதையில் கயிறு கட்டி ஏறும் இடம் எதுவுமில்லை. சுமைகூலிகளும் யாக்குகளும் அன்றாடம் நடக்கும் வழி அது. வழிநெடுகத் தங்கும் விடுதிகள். எவரெஸ்ட் சிகரம் 8,848.86 மீட்டர், பேஸ் கேம்ப் 5,364. பேஸ் கேம்புக்கும் சிகரத்துக்கும் நடுவே ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் செங்குத்து உயரம் மிச்சம் இருக்கிறது. வெளிநாட்டு மலைநடையாளர்கள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்ற நேபாள விதியை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது. அது 2023 ஏப்ரலில் வந்தது. இவர் போனது 2022-இல். இவர் வழிகாட்டியை வைத்துக்கொண்டது துணைக்காக. மேலும் விலக்கு நிபந்தனைகள் அடங்கிய முழுப் பாலிசி அவருக்குத் தரப்படவே இல்லை. மின்னஞ்சலில் வந்தது இரண்டு பக்கச் சான்றிதழ் மட்டும். தெரிவிக்காத விலக்கு பாலிசிதாரரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதைக் காட்டினேன்.

இவற்றுக்கெல்லாம் மேலாக எங்களுக்கு வலுச் சேர்த்தவர் முன்பின் தெரியாத ஒரு போலந்துக்காரர். ஆசிரியைக்கு மூச்சு வாங்கிய இரவில் அதே விடுதியின் சாப்பாட்டு அறையில் இருந்தவர். ஆசிரியையின் பதிவின் கீழே, "அன்றிரவு உங்களைப் பார்த்துப் பயந்துவிட்டோம், இப்போது நலமா?" என்று கேட்டிருந்தார். பதினொரு ஸ்கிரீன்ஷாட்டுகளில் ஒன்றில்கூட இந்தக் கேள்வி இல்லை. அவருக்கு எழுதினேன். அறையைச் சுற்றி அவர் எடுத்த வீடியோ ஒன்றின் ஓரத்தில், போர்வைக்குள் குனிந்து இருமும் ஆசிரியையும், ஆக்சிஜன் குழாயைப் பிடித்திருக்கும் வழிகாட்டியும் தெரிந்தார்கள். அசல் கோப்பையும் கையெழுத்திட்ட சான்றிதழையும் அனுப்பிவைத்தார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, ஆணையம் ஏற்றுக்கொண்டது.

முழுத் தொகையும் வட்டியோடு தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடு தரவும் உத்தரவாயிற்று. மேல்முறையீட்டுக்கான 45 நாள் கெடுவுக்குள் பணம் வந்து சேர்ந்தது.

தன் வாயால் ஒருவர் ஒப்புக்கொண்டதும் முடிவான நிரூபணம் ஆகாது என்றது, 2024 வரை நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. சுற்றி நடந்ததோடு சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். நண்பர்களுக்காக மகிழ்ந்து எழுதிய நாலு வரியைப் பிரமாணப் பத்திரம்போல் வாசிப்பது அநியாயம். காப்பீட்டு அலுவலகங்களில் இப்பழக்கம் பெருகிவருவதை நான் வழக்குக்கு வழக்கு பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எதிர்க்கிறேன்.

தலைவலியை ஏன் எழுதவில்லை என்று ஆசிரியையிடம் ஒருநாள் கேட்டேன். "அம்மா தினமும் படிப்பாங்க சார். பயந்துடுவாங்க" என்றார். தீர்ப்புக்குப் பின் அவர் அதையும் எழுதினார். லொபூச்சேயில் நின்றிருக்க வேண்டியவர் ஏன் ஏறினார், இருமல் எப்படித் தொடங்கியது, எந்த நேரத்தில் பயம் வந்தது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அடுத்த பருவத்தில் அங்கே போகவிருந்தவர்கள் அறிகுறிகளைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். பாடம் எடுப்பதுபோல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். மற்ற எல்லாப் பதிவுகளையும்விட அதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

பயணம் போய் எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். அசல் கோப்புகளை அழிக்காதீர்கள்; படம் எடுத்த நாளைப் பதிவில் குறிப்பிடுங்கள்; பாலிசியின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் அதையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்தப் பாதையில் வரப்போகிறவருக்கு உதவும் உண்மைதான் நீதிமன்றத்தில் உங்களையும் காப்பாற்றும்.