பக்கும் பக்கும்

ஹாக்கின்னதும் புல்தரைய நினைச்சுக்காதீங்க மக்கா, இது ஐஸ் ஹாக்கி. 1993-ல சேகா ஜெனசிஸுக்கு வந்த என்ஹெச்எல் 94. இன்னைக்கும் வார இறுதியில ரூம் நண்பனோட இதான் ஓடுது.

இதுல ஒன் டைமர்னு ஒரு சமாச்சாரம். பாஸ் கொடுத்துட்டு, பக் அடுத்தவன்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள ஷூட் பட்டனை அமுக்கணும். வந்த வேகத்துலயே அடிப்பான். சரியா விழுந்தா அந்த சுகமே தனி. 2006-ல வந்த என்ஹெச்எல் 07-லேர்ந்து வலது ஸ்டிக்தான் மட்டை; நல்லாத்தான் இருக்கு, ஆனா பழகறதுக்குள்ள விரல் சுளுக்கிடும்.

கடுப்பும் உண்டு. கோல் வலை முன்னாடி குறுக்கால சறுக்கிட்டே போய்க் கடைசி நொடியில தட்டிவிட்டா, கோல்கீப்பர் பாவம், பெரும்பாலும் காலி. நண்பன் இதையே திரும்பத் திரும்ப செய்ய, ரெண்டு வாரம் பேச்சுவார்த்தையே இல்ல. இப்ப அந்த கோல் செல்லாதுன்னு ஒப்பந்தம்.

அடுத்தது நம்ம தொழில் சம்பந்தப்பட்டது. இடிக்கிறப்ப எடைக்கணக்கு தலைகீழா வேலை செய்யும்! அஞ்சடி ஆறங்குல தியோ ஃப்ளூரி இடிச்சா, ஆறடி நாலங்குல எரிக் லிண்ட்ராஸ் மல்லாந்துடுவாரு. (ஐஸ்ல உருள்றதும் பக், கோடுக்குள்ள உட்கார்ந்திருக்கிறதும் பக். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான், ஹி ஹி.) எங்க ஆபீஸ்னா ராத்திரியோட ராத்திரியா திருத்தச் சொல்லிருப்பாங்க.

ரசிகர்களே அதைத் திருத்தின பதிப்பு இருக்கு, அதைப் போடுவோம்ங்கிறான் நண்பன். அவன் எப்பவும் எடுக்கிறது லிண்ட்ராஸோட ஃபிலடெல்ஃபியா. நான் ஃப்ளூரியோட கால்கரி. விடுவேனா?