கூடாரவல்லியும் என் வயிறும்

மார்கழி 27ஆம் நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடுகிறோம். பச்சரிசியும் பயற்றம்பருப்பும் பாலில் குழைய வெந்து, வெல்லமும் ஏலமும் சேர்ந்து, மேலே நெய் மிதக்கும் அக்காரவடிசல் அன்று வைணவ இல்லங்கள் யாவற்றிலும் கமழும். திருவரங்கத்தில் எங்கள் வீதி பஜனை கோஷ்டியிலும் அன்று பெரிய வெண்கல உருளி நிறைய அக்காரவடிசல் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு விடியற்காலையில் என் முன் நீண்ட தொன்னையைப் பார்த்து, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பாராமல் வீட்டை நோக்கி விரைந்தேன். பெருமாள் பிரசாதத்தை என் வாழ்நாளில் அதற்கு முன் மறுத்ததில்லை.

அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் வந்து அமர்ந்திருந்தேன். ஓய்வுக்குப் பின் நாள்தோறும் கோயில், மாலையில் பாராயணம், மார்கழியில் வீதி பஜனை என்று முப்பது ஆண்டுகளாகத் திட்டமிட்டு வைத்திருந்தேன். அத்திட்டத்தில் வயிற்றுக்கும் மூக்குக்கும் ஓர் இடம் ஒதுக்கத் தவறிவிட்டேன்.

முதலில் வந்தது மூக்கடைப்பு. நெற்றியில் கல்லை ஏற்றி வைத்தாற்போன்ற கனம். இரவில் சளி தொண்டையின் பின்புறம் வழிந்து உறக்கத்தைக் கெடுக்கும். மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தை மாதக் கணக்கில் விட்டுக்கொண்டேன். பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் காட்டி, நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரைகளை இருமுறை வாங்கி உண்டேன். மூக்கு திறந்ததோ இல்லையோ, வயிறு திறந்துகொண்டது. சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் மலச்சிக்கல், எந்நேரமும் வயிற்றில் இரைச்சல், உப்புசம். எப்போது என்ன நேரும் என்று கணிக்க இயலாத நிலை.

அவ்வாண்டு வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் தரிசனத்துக்கு வரிசையில் நின்றபோது, நடுவழியில் வயிறு முறுக்கிக்கொண்டது. முன்னும் செல்ல முடியவில்லை, பின்னும் திரும்ப முடியவில்லை. ஆயிரம் பேருக்கிடையே கைகூப்பி வழி கேட்டு வெளியேறினேன். அன்று பட்ட நாணத்தை எழுத்தில் வடிக்க இயலாது. அதன் பிறகு கூட்டம் உள்ள இடத்துக்குச் செல்லவே அஞ்சினேன். உணவைக் குறைத்தேன், வெளியே செல்லும் நாளில் தண்ணீரையும் குறைத்தேன். அதனால் மலச்சிக்கல் மிகுந்தது. வீட்டிலிருந்து ஐந்நூறு அடி தொலைவில் உள்ள கோபுரத்தை மொட்டை மாடியிலிருந்து சேவித்துத் திரும்பும் மனிதனானேன்.

உறவினர் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொன்னார்கள். ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், நொச்சி இலை ஆவி என ஒன்றும் விடவில்லை. எல்லாரும் ஒருமுகமாகச் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பாலும் தயிரும் கபத்தைக் கூட்டுகின்றன. மூக்கும் அதனால்தான், வயிறும் அதனால்தான்."

இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு பெரிய தடை இருந்தது. அதன் பெயர் அம்மா. அம்மாவுக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, டிகாஷன் இறக்கி, பசும்பால் காய்ச்சி, நுரை ததும்பக் காப்பி கலந்து என் கையில் கொடுத்த பிறகே அவருக்கு நாள் தொடங்கும். அந்தக் காப்பியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பருகினால் ஒரு மணி நேரத்தில் வயிறு இரையத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். டம்ளருடன் கொல்லைப்புறம் சென்று, வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவேன். மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் அம்மா கொல்லையில் நின்று வாழையடியில் மொய்க்கும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, வாழைக்குமா காப்பி பழக்கம் வந்துவிட்டது?" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. அம்மாவும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்று முழுதும் என்னுடன் பேசவுமில்லை. இரவில் மட்டும், "காப்பி வேண்டாம் என்றால் சொல்லியிருக்கலாமே. பெற்றவளிடம் வயிற்றுவலியை மறைப்பார்களா?" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் கணக்கில் ஒரு பைசா பிசகையும் பொறுக்காத நான், சொந்த வீட்டில் மூன்று மாதம் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறேன்.

மறுநாளே திருச்சியில் ஒரு குடல்நோய் மருத்துவரிடம் சென்றேன். அவர் முதலில் சொன்னதை இப்பத்திரிகை படிக்கும் என் வயதினர் யாவரும் மனத்தில் கொள்ள வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் மாறினாலோ, மலத்தில் குருதி தென்பட்டாலோ, உடல் எடை காரணமின்றிக் குறைந்தாலோ, கைவைத்தியத்தில் காலம் கடத்தலாகாது. எனக்கு இரத்தப் பரிசோதனையும், குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் செய்தார்கள். பெருமாள் அருளால் தீய நோய் எதுவும் இல்லை.

பிறகு மருத்துவர் பாலைப் பற்றி விளக்கினார். பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உண்டு. அதைச் செரிக்கச் சிறுகுடல் சுரக்கும் நொதி, குழந்தைப் பருவம் கடந்தபின் பலருக்குக் குறைந்துகொண்டே போகும். தென்னிந்தியர்களிடையே இது வெகு சாதாரணம். செரிக்காத சர்க்கரை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கச் செய்கின்றன. வாயுவும் இரைச்சலும் போக்கும் அதனால் உண்டாகின்றன. தயிரில் அச்சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகள் முன்பே உண்டுவிடுகின்றன. நெய்யில் அது ஏறத்தாழ இல்லை. "பால் ஒவ்வாது என்று தெரிந்தால் தயிரையும் நெய்யையும் சேர்த்துத் தண்டிக்காதீர்கள். இரண்டு வாரம் பால்வகை முழுவதையும் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள்" என்றார்.

எழுதி வைப்பதா? எனக்குப் பழம் தின்னக் கூலியா! ஒரு நீளக் குறிப்பேட்டை எடுத்துப் பேரேடு போலக் கோடு போட்டேன். இடப்பக்கம் உண்டவை, வலப்பக்கம் வயிற்றின் நிலை. மூக்கின் நிலைக்குத் தனியாக ஒரு பத்தி. காரணம் விளங்காத உபாதைகளை வங்கி வழக்கப்படி 'சஸ்பென்ஸ்' கணக்கில் வைத்தேன்.

ஏழு வாரங்களில் கணக்கு தெளிந்தது. ஒரு டம்ளர் பால் காப்பி உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தொல்லை. பால் பாயசமும் திரட்டுப்பாலும் அவ்வாறே. பகலில் அரைக் கிண்ணம் தயிர், நீர்மோர், நெய் ஆகியவற்றால் எத்தொல்லையும் இல்லை. பாலிலும் இரண்டு தேக்கரண்டி அளவை வயிறு சத்தமின்றி ஏற்றது.

என்னை வியக்க வைத்தது மூக்கின் பத்திதான். ஒரு சொட்டுப் பாலும் உண்ணாத இரண்டு வாரங்களிலும் மூக்கு முன்போலவே அடைத்திருந்தது. அது மிகுந்த நாள்களைத் தனியே குறித்துப் பார்த்தேன். புத்தக அலமாரியைத் தட்டிய நாள், மின்விசிறி துடைத்த நாள், பூஜை அறையில் சாம்பிராணிப் புகை சூழ்ந்த நாள். இந்தக் குறிப்பேட்டுடன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். தூசியும் புகையும் எனக்கு ஒவ்வாமை தருகின்றன என்றார். பால் பருகியதும் எச்சிலுடன் கலந்து தொண்டையில் படலம் போல் தங்குவதால் சளி ஊறியதாகத் தோன்றுமே தவிர, பால் சளியைப் பெருக்குகிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றும் சொன்னார். என் சொட்டு மருந்தை நிறுத்தச் செய்தார். அவ்வகை மருந்தைச் சில நாள்களுக்கு மேல் விட்டால், மருந்தே அடைப்பை வளர்க்குமாம். அதற்குப் பதிலாகக் கொதிக்க வைத்து ஆறிய உப்பு நீரால் மூக்கைக் கழுவும் முறையைக் கற்றுத் தந்து, மூக்கில் அடிக்கும் வேறொரு மருந்தும் எழுதித் தந்தார்.

ஆக, வெவ்வேறான இரண்டு கணக்குகளை ஒரே தலைப்பில் எழுதிவந்ததால்தான் எனக்கு ஐந்தொகை நேராகவில்லை. இரண்டுக்கும் இடையே சில எதிர்ப்பதிவுகள் உண்டென்பது உண்மை. மூக்குக்காக நானாக உண்ட நுண்ணுயிர்க் கொல்லிகள் குடலைக் கலக்கின. இரவில் விழுங்கிய சளி காலையில் குமட்டியது. ஆனால் மூலம் வேறு, மருந்தும் வேறு. 'பால்' என்ற ஒரே சொல்லில் அனைத்தையும் அடக்கியிருந்தால், தயிரையும் நெய்யையும் இழந்து, மூக்கடைப்பையும் வைத்துக்கொண்டிருப்பேன். 'மருந்து' என்ற அதிகாரத்தில் வள்ளுவர் மாறுபடாத உணவை அளவறிந்து உண்ணச் சொல்கிறார். எது மாறுபடுகிறது என்பதை அவரவர் உடல்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்கப் பொறுமை வேண்டும்.

அம்மாவும் தம் பங்குக்கு ஒரு மாற்றம் செய்தார். நான்கரை மணிக்கு இப்போது சுக்கும் மல்லியும் பனங்கருப்பட்டியும் சேர்ந்த பால் இல்லாத காப்பி வருகிறது. பால் குறைந்தால் எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து குறையும் என்று மருத்துவர் எச்சரித்ததால் கேழ்வரகு, எள், முருங்கைக் கீரை ஆகியவை அடிக்கடி இலையில் விழுகின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்றதும் அம்மா, "இதை எங்கள் பாட்டி கூழாகவே கொடுத்தாளே!" என்றார். இரவில் தயிர் கூடாது என்ற அவரது விதியை மட்டும் நான் மறுபேச்சின்றிக் காத்து வருகிறேன். சான்று இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை.

உடல் ஒருவாறு சீரானது. எனினும் மனத்தில் ஓர் உறுத்தல் எஞ்சியிருந்தது. பிரசாதத்தை மறுத்த பாவம் என்னைத் தொடருமோ என்று எங்கள் பஜனை கோஷ்டியை நடத்தும் பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஸ்வாமி, பிரசாதம் என்றால் அருள் என்று பொருள். அளவு என்று பொருள் இல்லையே. ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டாலும் பிரசாதம்தான். திருப்பாவையை நாள்தோறும் சேவிக்கிறீர். நோன்பு தொடங்கும்போதே ஆண்டாள் நெய்யையும் பாலையும் விலக்கித்தானே நிற்கிறாள்? விலக்குவதும் அவளுக்குத் தெரியும், உண்பதும் அவளுக்குத் தெரியும்."

சற்றுப் பொறுத்து மேலும் சொன்னார். "திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா அக்காரவடிசல் சமர்ப்பிப்பதாக நேர்ந்தவள் அவள். அதை நிறைவேற்றியவர் பின்னாளில் வந்த உடையவர் என்பது பெரியோர் வாக்கு. ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் நிறைவேற்றலாம் என்றால், நீர் உண்ண முடியாத தொன்னையை இன்னொருவர் உண்ணலாகாதா? இனி மறுக்க வேண்டாம். வாங்கிக்கொள்ளும், அடுத்தவர் கையில் கொடும்."

அவர் சொன்னபடியே அடுத்த கூடாரவல்லிக்குச் சென்றேன். தொன்னையை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, கரண்டி நுனியளவு நாவில் வைத்தேன். ஓராண்டு கழித்து நாவில் பட்ட அந்த இனிப்பு தொண்டையை அடைத்தது. அந்த அடைப்புக்கு மருத்துவரிடம் மருந்தில்லை. மீதியை அருகில் நின்ற சிறுவனிடம் கொடுத்தேன். "மாமா, உங்களுக்கு?" என்றான். "எனக்குப் போதும், குழந்தாய்" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா இரண்டு பாத்திரங்களை இறக்கி வைத்திருந்தார். ஒன்று பெருமாளுக்குப் பாலில் செய்தது. மற்றொன்றில் தேங்காய்ப்பாலில் வெந்த அரிசியும் பருப்பும் வெல்லமும், மேலே குறையாமல் நெய்யும்.

"அது அவருக்கு, இது உனக்கு. வாழை மரத்துக்கு இரண்டிலும் பங்கு கிடையாது, தெரிந்ததா?" என்றார்.

கூட்டத்துக்கு அஞ்சி வீட்டோடு முடங்கியிருக்கும் என் வயது அன்பர்கள் பலர் இருப்பார்கள். வெளியில் சொல்ல நாணுவார்கள். முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள், பிறகு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வரிசையில் நீண்ட நேரம் நிற்க இயலாவிட்டால் கூட்டமில்லாத நாளில் சென்று சேவியுங்கள். அரங்கன் பள்ளிகொண்டிருப்பது எல்லா நாளும்தான். சென்ற ஆண்டு வைகுண்ட ஏகாதசிக்கு நான் செல்லவில்லை. நான்கு நாள் கழித்து, நண்பகலில், வயிறும் மூக்கும் அமைதியாய் இருக்க, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பரமபத வாசலைக் கடந்தேன்.