எனோலா கே முன்னால ஒரு க்ளிக்!

ஃபைட்டர் பிளேன் போட்டோவை டெஸ்க்டாப் வால்பேப்பரா வெச்சிருக்கிற பார்ட்டியா நீங்க? எப்பவாவது அமெரிக்கா போனா, வாஷிங்டனுக்குப் பக்கத்துல டல்லஸ் ஏர்போர்ட்டை ஒட்டியிருக்கிற உட்வார்-ஹேஸி மியூசியத்துக்கு ஒரு விசிட் அடிச்சிடுங்க. உள்ளே போக டிக்கெட் கிடையாது. (பார்க்கிங்குக்கு மட்டும் துட்டு உண்டு!)

நுழைஞ்சதுமே கன்னங்கரேல்னு எஸ்.ஆர்-71 பிளாக்பேர்ட். 1990-ல் லாஸ் ஏஞ்சலீஸ் டு வாஷிங்டன் வெறும் 64 நிமிஷத்துல பறந்த உளவு விமானம். செம போஸ்!

அடுத்து, 'எனோலா கே'. 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா மேல அணுகுண்டு போட்ட பி-29. பைலட் பால் டிபெட்ஸ் அதுக்கு வெச்சது தன் அம்மாவோட பேரை! உயரமான நடைபாதையில நின்னா காக்பிட் கண்ணாடி நேருக்கு நேர் தெரியும். பளபளன்னு அலுமினியம். எந்த ஆங்கிள்ல எடுத்தாலும் போட்டோ அழகா விழும். அதான் உறுத்துது.

1995-ல் இதோட முன்பகுதியை வாஷிங்டன்ல காட்சிக்கு வெச்சாங்க. கூடவே ஹிரோஷிமா படங்களையும், ஒரு ஸ்கூல் பொண்ணோட கருகின டிபன் பாக்ஸையும் வைக்கிறதாத்தான் முதல்ல பிளான். முன்னாள் ராணுவத்தினர் கொதிச்செழ, அதெல்லாம் கேன்சல். மியூசிய டைரக்டரே ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு.

2003-ல் முழு விமானமும் இங்கே வந்தப்ப, குண்டுக்குத் தப்பின ஜப்பானியர்கள் சிலர் நேர்லயே வந்துட்டாங்க. 43 மீட்டர் இறக்கைனு எழுதியிருக்கிற போர்டுல, அந்த வருஷக் கடைசிக்குள்ள செத்துப்போன சுமார் 1,40,000 பேரைப் பத்தியும் எழுதணும்கிறது அவங்க கோரிக்கை. மத்த விமானங்களுக்கு எழுதுற மாதிரிதான் இதுக்கும்னு சொல்லி, மியூசியம் மறுத்துடுச்சு.