உட்கூரைக்கு மேல் மூன்று அங்குலம்

தெஹிவளையில் வசிக்கும் என் அக்காவுக்கு 78 வயது. இரண்டு கண்களிலும் வெண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அதற்குப் பிறகும் மாலை வேளைகளில் "எழுத்துத் தெரியுது, வெளிச்சம்தான் காணாது" என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதுமையில் கண்மணி சுருங்கிவிடுகிறது. இளமையில் விரிந்ததைப்போல இருட்டில் விரிவதில்லை. 20 வயதில் போதுமாக இருந்த விளக்கு முதியவருக்குப் போதாது. பத்திரிகை அலுவலகத்தில் 40 வாற் மின்குமிழ் ஒன்றின் கீழ் இரவிரவாக ஒப்புநோக்கிய நாட்களில் இதையெல்லாம் நான் எண்ணிப் பார்த்ததில்லை. 1990களின் முதற்பாதியில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையும் நம்மிடம் உண்டு. அவர்களுக்கும் இப்போது ஐம்பது நெருங்குகிறது.

அம்மாவின் குறையைத் தீர்க்க ரொறன்ரோவிலிருந்து மருமகன் வந்திறங்கினார். பயணப்பெட்டிக்குள் எல்.ஈ.டி. விளக்குகள் ஆறு. "மாமா, அங்கை எல்லா வீட்டிலையும் இதுதான். சீலிங்குக்குள்ளை பதிச்சுவிட்டால் விளக்கு இருக்கிறதே தெரியாது" என்றார். உறையின் ஓரத்தில் இருந்த சிறிய எழுத்துகளை நான் வாசித்தேன், பழைய தொழிற்பழக்கம். 120 வோல்ற் என்று போட்டிருந்தது. நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். ஆறு விளக்குகளும் மீண்டும் பெட்டிக்குள் போயின. கனடாவிலிருந்து மின்பொருள் கொண்டுவரும் உறவினர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது வாசித்துவிட்டு விமானம் ஏறலாம்.

அக்காவின் வீடு இரண்டு காலங்களில் கட்டப்பட்டது. முன்மண்டபத்துக்கு மேலே கொங்கிறீற் தட்டு, அதற்கு மேல் மொட்டை மாடி. தட்டின் கீழே பின்னாளில் ஜிப்சம் பலகையால் உட்கூரை அமைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை யாரும் அறியார். வயரிங் வேலைக்கு வந்தவர் அனுபவசாலி. விரல் நுழையுமளவு சிறு துளை ஒன்றையிட்டு, 'ட' எழுத்தைப்போல வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுற்றினார். தட்டு எந்த உயரத்தில் இருக்கிறது, பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டம் குறுக்கே வருகிறதா, பழைய வயர் ஏதும் கிடக்கிறதா என்பவற்றை அந்தக் கம்பி சொல்லிவிட்டது. ஒரு கோடியில் மூன்றேகால் அங்குலம். மறுகோடியில் இரண்டரை.

பழைய ஹலோஜன் விளக்குகளாக இருந்திருந்தால் பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். 50 வாற் ஹலோஜன் குமிழ் தொட்டால் சுட்டுவிடும். அதைச் சுற்றி வெற்றிடமும் காற்றும் வேண்டும். இன்றைய தட்டை எல்.ஈ.டி. விளக்கு ஓர் அங்குலம்கூடத் தடிப்பில்லாதது. 12 வாற் போதும். ஆனால் கடைக்காரர் தடிப்பை மட்டுமே சொல்வார். விளக்கைத் துளைக்குள் செலுத்தும்போது அதன் இரு பக்கத்துக் கவ்விகளும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்; அதற்கு இடம் வேண்டும். பின்னர் டிரைவர் எனப்படும் சிறு பெட்டி. 230 வோல்ற் மின்சாரத்தைக் குறைந்த அழுத்த நேர்மின்னாக மாற்றித் தருவது அதுதான். அதையும் அதே துளையால் நுழைத்துப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். விளக்கின் முதுகில் ஏற்றிவைக்கக் கூடாது.

எல்.ஈ.டி. சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். சூடு உண்டு. அது கீழே வரும் ஒளியோடு வராமல் பின்புறத்து அலுமினியத் தகட்டில் தேங்குகிறது. பகல் முழுவதும் வெயில் குடித்த மொட்டை மாடிக்குக் கீழே, காற்று அசையாத இரண்டரை அங்குல இடைவெளியில் அந்தச் சூடு எங்கே போகும்? முதலில் நோவது டிரைவரே. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னியலாளரின் பொதுக் கணக்கு. ஆகவே டிரைவரைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய விளக்குகளையே வாங்கும்படி வற்புறுத்தினேன். ஆறுக்குப் பதில் நான்கு. அகன்ற கோடியில் மூன்று, ஒடுங்கிய கோடியில் ஒன்று. இணைப்புகளை ரேப் சுற்றி விடுவதாக வேலைக்காரர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. எலி ஓடும் இடைவெளியில் இணைப்புகள் மூடியுள்ள பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

முன்மண்டபம் இப்படி ஒப்பேறியது. மருமகன் துளையிடும் வட்ட வாளுடன் பின்னறைக்குள் போனபோதுதான் நான் உண்மையில் பயந்தேன்.

பின்பகுதி 1970களில் கட்டியது. அங்கே உட்கூரை சாம்பல் நிறத் தட்டைத் தகடு. நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கும் அதே அஸ்பெஸ்ரஸ். உடையாமல், வர்ணம் பூசி, தொடப்படாமல் கிடக்கும்வரை அதனால் வரும் ஆபத்து குறைவு. அதில் வாளை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் தூசியாகப் பறக்கும். அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நோய் வெளிப்பட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அக்காவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று யாரும் வாதிடலாம். ஆனால் அண்ணாந்து நின்று வெட்டப்போகிறவர் மருமகன். கீழே பாயில் விளையாடிக்கொண்டிருந்தது அவருடைய ஐந்து வயது மகள்.

"கனடாவிலை இதைத் தொட விடமாட்டாங்கள் மாமா" என்று அவரே பின்னர் சொன்னார். விடமாட்டார்கள்தான். உலகுக்கெல்லாம் அஸ்பெஸ்ரஸ் தோண்டி விற்ற நாடு அது. கியூபெக் மாகாணத்தில் அஸ்பெஸ்ரஸ் என்ற பெயரிலேயே ஒரு நகரம் இருந்தது. 2018இல் அந்நாடு அதன் இறக்குமதியையும் பாவனையையும் தடை செய்தது. 2020இல் அந்த நகரமும் தன் பெயரை வால்-டே-சூர்ஸ் என மாற்றிக்கொண்டது. பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி நமது கூரைகளுக்கு இல்லை.

பின்னறைத் தகட்டில் ஓர் ஆணிகூட ஏறவில்லை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், செங்கல்லில் துளையிட்டு, வயரைப் பிளாஸ்ரிக் உறைக்குள் இறக்கி, இடது தோளுக்கு மேலாக ஒளி விழுமாறு ஒரு சுவர் விளக்கு பொருத்தினோம். கடையில் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தையே எடுத்துத் தந்தார்கள். செத்த வீட்டு வெளிச்சம் வேண்டாம் என்றார் அக்கா. 3000 கெல்வினில் மாற்றி வாங்கினோம்.

முன்மண்டபத்தில் ஒடுங்கிய கோடியில் பொருத்திய நான்காவது விளக்கு எட்டாம் மாதம் மினுங்கத் தொடங்கியது. மெயின் ஆளியை நிறுத்தி, விளக்கைக் கீழே இழுத்து, டிரைவரை மட்டும் மாற்றினார்கள். பத்து நிமிட வேலை. மற்ற மூன்றும் இன்னும் எரிகின்றன.