ஓர் இரவு தங்கும் உரிமை

நெடுந்தூரம் தனித்து ஓடுபவனின் திறமையை அவன் கால்களைக் கொண்டே மதிப்பிடுவது உலக வழக்கு. ஆயினும், பகல் முழுவதும் திறந்தவெளியில் ஓடிப் பொழுதுபட்ட இடத்திலே கூடாரமடித்து உறங்குபவனுக்கு, ஓட்டத்தைப் போலவே தரிப்பும் இன்றியமையாதது. அத்தரிப்பு அவனது உரிமையா, பிறர் இடும் பிச்சையா என்ற வினா, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டாட்மூர் மேட்டுநிலத்தில் ஒரு வழக்காகவே உருவெடுத்தது.

டாட்மூர் 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பரப்பு 954 சதுர கிலோமீற்றர். மிக உயர்ந்த குன்றும் 621 மீற்றரே. எனினும், உயரத்தைக் கொண்டு அந்நிலத்தை எளிதென எண்ணுபவன் ஏமாந்து போவான்.

யூன் மாதத்து விடியற்பொழுதொன்றில், வடக்கெல்லையிலுள்ள ஒக்ஹம்ரன் நகரிலிருந்து ஒருவன் தெற்கு நோக்கிப் புறப்படுகிறான் எனக் கொள்வோம். கூடாரம், துயிற்பை, உணவு, திசைகாட்டி ஆகியவை முதுகில் உள்ளன. வடபகுதியில் இராணுவத்தின் சுடுபயிற்சிக் களங்கள் இருப்பதால், பயிற்சியற்ற நாளை அவன் முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும். குன்றின் மேல் செங்கொடி பறந்தால் அவ்வழி மூடப்பட்டதென்பது பொருள்.

சில மணிநேரத்தில் பாதை மறைகிறது. மக்கிய தாவரங்களாலான கரிய சேறு முழங்கால்வரை இழுக்கிறது. வெண்பஞ்சு போற் பூத்த புல் ஈரத்தை அறிவிக்கும். பசும்பாசி படர்ந்த சமதரையோ ஆழத்தை மறைக்கும். இங்கு வேகம் காலில் இல்லை, கண்ணிலேயே உள்ளது. கிறான்மியர் என்னும் வற்றிய குளத்தை அடைந்ததும் ஒரு பெட்டியைக் காண்கிறான். 1854இல் ஜேம்ஸ் பெறற் என்ற வழிகாட்டி, வருவோர் தம் பெயரட்டைகளை இட்டுச் செல்ல அவ்விடத்தில் ஒரு கலத்தை வைத்தார். அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே அப்பெட்டி. தனிமையை நாடி வந்தவன், தனக்கு முன் அதே தனிமையை நாடியவர்களின் பெயர்களை அங்கு படிக்கிறான்.

கிழக்கு டாட் ஆற்றைத் தொடர்ந்து சென்றால், போஸ்ற்பிறிஜ் என்னுமிடத்தில் மத்தியகாலத்துக் கற்பாலம் எதிர்ப்படும். அதற்குத் தெற்கே மீண்டும் வெட்டவெளி. மாலையில் ஏர்ம் ஆற்றின் தலைப்பகுதியை அடைகையில், மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீளும் வெண்கலக்காலக் கல்வரிசை ஒளி மங்கும் புல்வெளியில் நீண்டு கிடக்கிறது.

ஓடும் உடல் ஈரத்தைப் பொருட்படுத்தாது. நின்ற உடலுக்கு அதே ஈரம் பகையாகிவிடும். வியர்வை குளிர்வதற்குள் உடைமாற்றவும், கூடாரமடிக்கவும், சூடாக ஏதேனும் பருகவும் வேண்டும். அடுத்த ஊர்வரை ஓடுக என அந்நேரத்தில் அவனிடம் கூறுவது, அவனை இருளிலும் சதுப்பிலும் தள்ளுவதாகும்.

டாட்மூர் பொதுமேய்ச்சல் நிலங்கள் தொடர்பான 1985ஆம் ஆண்டுச் சட்டம், திறந்தவெளிப் பொழுதுபோக்கின் பொருட்டு அந்நிலங்களுட் செல்லும் உரிமையை மக்களுக்கு அளித்தது. உறக்கம் பொழுதுபோக்கின்பாற்படுமா? படாது என்றது 2023 சனவரியில் உயர் நீதிமன்றம். படும் என்றது அதே ஆண்டு யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம். 2025 மே 21ஆம் நாள் உச்சநீதிமன்றம் பின்னைய முடிவையே ஏகமனதாக உறுதிசெய்தது. இங்கிலாந்தின் ஏனைய பகுதிகளிலோ நில உடைமையாளரின் அனுமதியின்றி அவ்வாறு தங்கும் பொதுவுரிமை இல்லை.

நில உடைமையாளரின் அச்சமும் முற்றிலும் ஆதாரமற்றதன்று. மூட்டிய தீயும் விட்டெறிந்த குப்பையும் மேய்ச்சல் நிலத்தைக் கெடுப்பன. ஆதலால் உரிமை என்பது நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்துவிடுவதன்று. ஒவ்வொரு காலையிலும் அது மீண்டும் ஈட்டப்பட வேண்டியது. தீ மூட்டாது, குப்பை விடாது, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தென்னெல்லை நோக்கி ஓடுபவன் விட்டுச்செல்வது மடிந்த புல் மட்டுமே. வெயில் ஏற அதுவும் நிமிர்ந்துவிடும். ஒரு நிலத்தை உடைமையாக்காமலே அதனோடு உறவு கொள்ளலாம் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.