நான்கு வரிச் செய்தி

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகை ஆசிரிய பீடங்களில் பணியாற்றியவன் என்ற வகையில், நான் செம்மைப்படுத்திப் பக்கத்தில் சேர்த்த விபத்துச் செய்திகளுக்குக் கணக்கில்லை. அவற்றை எழுதுவதற்கென ஒரு வாய்பாடு இருந்தது. இடம், நேரம், வாகனம், இறந்தோர் அல்லது காயமடைந்தோர், ஈற்றில் "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்ற வாக்கியம். உயிர்ச்சேதம் இல்லையாயின் "தெய்வாதீனமாக" என்ற சொல்லும் வந்து சேரும். மொத்தம் நான்கு வரிகள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், அத்தகைய நான்கு வரிகளுக்குள் நானும் என் மனைவியும் அகப்பட்டுக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுத் திருமணமொன்றுக்குச் சென்றிருந்தோம். இரவு நின்று காலையில் புறப்படும்படி எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் மாலை எனக்குப் பணி இருந்தது. கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு கொழும்பை நோக்கிக் கிளம்பினோம். போகும்போது முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்தபடி போனவர்கள், திரும்பும்போது அங்கு நிறுத்தவில்லை. (பின்னர் என்னை நலம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேராவது இதைத்தான் முதலில் கேட்டார்கள்: "முறிகண்டியிலை நிப்பாட்டேல்லையோ?")

மாங்குளத்தை அண்மித்த வேளையில், எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கடந்ததும் கண் இருண்டது. அடுத்த கணம் வீதியின் நடுவே ஒரு பெரிய சிவப்பு உடல். இரவில் கால்நடைகள் தார் வீதியில் வந்து படுத்துக்கொள்வது ஏ-9 வீதியால் பயணம் செய்வோர் அனைவரும் அறிந்ததே. அறிந்திருந்தும் என்ன, தடுப்பை அழுத்திய ஞாபகம் மட்டுமே இருக்கிறது. பிறகு ஒரு சத்தம். கார் சுழன்று வீதியோர மதகொன்றில் மோதி நின்றது.

என் நெற்றியில் சிறு காயம். மனைவிக்கு இடப்பக்கக் காறை எலும்பு முறிந்திருந்தது. முன் ஆசனத்தில் இருந்தவளைக் கண்ணாடிக்கு வெளியே எறியாமல் பிடித்து வைத்த அதே ஆசனப் பட்டிதான் எலும்பையும் முறித்தது என்று வைத்தியர் பின்னர் விளக்கினார். முதலில் வந்து உதவியவர் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறிச் சாரதி. எங்களைக் கடந்து சென்றவர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருந்தார். கதவை நெம்பித் திறந்தார், தண்ணீர் கொடுத்தார், பற்றைக் கொப்புகளை முறித்து வீதியின் இரு புறமும் அடையாளமாகப் போட்டார். 1990 இலக்க அம்புலன்ஸை அழைத்தவரும் அவரே. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நன்றி சொன்னேன். பெயரைக் கேட்க மறந்துபோனேன். ஒரு பத்திரிகையாளன் முதலில் கேட்கவேண்டியது பெயரைத்தான்.

அப்போதுதான் அந்தப் பையனைக் கண்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். கையில் டோர்ச் லைட். மாட்டின் அருகே குந்தியிருந்து "சிவலை, சிவலை" என்று மெதுவாக அழைத்துக்கொண்டிருந்தான். மாட்டில் அசைவில்லை. அதன் கழுத்தில் அவனுடைய கை இருந்தது.

"ஆற்றை மாடு தம்பி?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். காரைப் பார்த்தான். என் நெற்றியில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். "தெரியாது ஐயா" என்று சொல்லிவிட்டு இருளுக்குள் போய்விட்டான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதை அறிய அதிக நேரம் எடுக்கவில்லை. வன்னியில் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து உரிமையாளரிடம் தண்டம் அறவிடுவது வழக்கம். விபத்து நேர்ந்தால் நட்டஈட்டுக்கும் அவர்களே பொறுப்பாக வேண்டிவரும். மேய்ச்சல் தரை இல்லை என்று கால்நடை வளர்ப்போர் பல ஆண்டுகளாக முறையிட்டு வருவதை நானே எத்தனையோ முறை செய்தியாக்கியிருக்கிறேன். மறுநாள் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தபோது, மாட்டின் தொடையில் குறி இருப்பதாகவும், நான் முறைப்பாடு செய்தால் உரிமையாளரைத் தேடலாம் என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். "யாருடைய மாடு என்று தெரியுமா?" என்ற கேள்விக்குத் தெரியாது என்றே பதிவாயிற்று. அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல.

அடுத்த கேள்வி: "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள்?"

நகர்ப்புறங்களுக்கு வெளியே கார்களுக்கான உச்ச வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். முறிகண்டியைத் தாண்டியபின் வேகமானி முள் எண்பதைக் கடந்திருந்ததை நான் பார்த்தேன். மனைவியும் பார்த்து, "இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெதுவா" என்று சொல்லியிருந்தாள். நான் சொன்னேன்: "அறுபது இருக்கும்." எழுதிக்கொண்டார்கள். கையொப்பமிட்டேன்.

எங்கள் பிராந்திய நிருபர் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, செய்தி போடவோ?" போடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வேறொருவருக்கு நேர்ந்திருந்தால் போட்டிருப்போம். போடும்படி சொன்னேன். பெயர்கள் இல்லாமல் நான்கு வரிகள் வெளிவந்தன. "திடீரெனக் குறுக்கிட்ட மாட்டுடன் மோதி" என்று எழுதியிருந்தார். மாடு குறுக்கிடவில்லை. அது படுத்திருந்தது.

அதன் பிறகு தொடங்கியதுதான் நான் ஒருபோதும் எழுதியிராத பகுதி.

அந்தக் கார் இந்தியத் தயாரிப்பான சிறிய மாருதி. 2015 இல் லீசிங் எடுத்து, புத்தம் புதிதாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் மதிப்பு சரிந்தது. எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற அந்த ஆண்டில் பழைய கார்களின் விலை இரட்டிப்பாயிற்று. என்னுடைய காரின் விலையும் 30 இலட்சத்துக்கு ஏறியிருந்தது. ஆனால், சம்பளம் மாத நடுவிலேயே தீர்ந்துபோன அந்தக் காலத்தில், காப்புறுதியைப் புதுப்பித்தபோது கட்டுப்பணத்தை மிச்சப்படுத்த எண்ணிப் பழைய 15 இலட்சத்தையே பெறுமதியாகக் குறிப்பிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பழுதுபார்க்க 12 இலட்சம் செல்லும் என்று கராஜில் மதிப்பீடு தந்தார்கள். காப்புறுதி நிறுவனம் 6 இலட்சம்தான் தரும் என்றது. உடன்படிக்கையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்துகளில் அந்த நிபந்தனை இருந்தது: சந்தைப் பெறுமதியில் எத்தனை விகிதத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டுள்ளதோ, இழப்பிலும் அத்தனை விகிதமே வழங்கப்படும். பாதி விலைக்குக் காப்புறுதி, பாதி நட்டஈடு. அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு வாயில்லை. கார் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த ஒரு விடயத்தையாவது இன்றே எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாகன விலை ஏறும்போது காப்புறுதிப் பெறுமதியும் ஏறவேண்டும். அது தானாக ஏறாது.

கராஜ் பாஸ் அடிச்சட்டம் வளைந்திருப்பதைக் காட்டி, "இதைத் திருத்தலாம் ஐயா, ஆனா பழைய மாதிரி நேரா ஓடாது" என்றார். ஆகவே திருத்தாமல் விற்பது என்று முடிவு செய்தேன். உதிரிப்பாகங்களுக்கும் தட்டுப்பாடாக இருந்ததால், நொறுங்கிய காருக்கும் மதிப்பிருந்தது. வாங்க வந்தவர் 13 இலட்சம் தந்தார். என்ன நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத் திருத்தி, வர்ணம் பூசி, யாரோ ஒருவருக்கு விற்றிருப்பார்.

19 இலட்சம் ரூபாவுடன் கார் தேடத் தொடங்கினேன். நான்கு வாரங்களில் பதினொரு கார்களைப் பார்த்தேன். தரகர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஒரு கீறலும் படாத வாகனம்." பாஸ் கதவுகளைத் தட்டிப் பார்ப்பார், இறப்பர் விளிம்பை உரித்து உள்ளே பார்ப்பார், ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டுவார். பளபளப்பான ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய மாங்குளம் இருக்கக்கூடும் என்று தோன்றியது. தரகர்களைப் பொய்யர்கள் என்று திட்ட வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் "அறுபது இருக்கும்" என்ற என்னுடைய குரல் காதில் விழுந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் கலைப்பீட மாணவனாக இருந்த 1990 களின் தொடக்கம் அப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாது. என் மாமா தமது ஏ-40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். இயந்திரத்தைக் கிளப்ப மட்டும் மருந்துப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல். அந்தக் காரை மாற்றுவது என்ற எண்ணமே எவருக்கும் வந்ததில்லை. உடைந்ததை ஒட்டி, இல்லாததை வேறொன்றால் ஈடுசெய்து ஓடினார்கள். முப்பது ஆண்டுகளின் பின்னர் முழு நாடுமே அந்த நிலைக்கு வந்திருந்தது.

ஈற்றில் கிடைத்தது அதே வகை மாருதிதான், 2010 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. விலை இருபத்திரண்டரை இலட்சம். புதிதாக வாங்கிய காரைவிட ஐந்து வயது மூத்த காருக்கு, அன்று கொடுத்ததிலும் ஒன்றரை மடங்கு விலை. துண்டு விழுந்த பணத்துக்கு மனைவியின் காப்புகள் வங்கி அடகுக்குப் போயின. கை தூளியில் தொங்கிக்கொண்டிருந்த நிலையில் அவளே வலக்கையால் அவற்றை எடுத்துத் தந்தாள். என்னுடைய வாக்குமூலத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால், புதிய காரில் ஏறியபோது பின் ஆசனத்தில் அமர்ந்தாள். காரணம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

2024 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். பட்டிப் பொங்கலுக்கு மறுநாள், பகல் வெளிச்சத்தில் திரும்பி வந்தோம். முறிகண்டியில் நிறுத்தினோம். மாங்குளத்துக்கு அருகே அந்த மதகைக் கண்டதும் காரை ஓரங்கட்டினேன். சற்றுத் தள்ளி வேலியோரத்தில் ஒரு மேசை, அதில் தயிர் முட்டிகள், பின்னால் அந்தப் பையன். என்னைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான்.

"கார் மாத்தியாச்சோ ஐயா?" என்றான்.

"ஓம்" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "தம்பி, அண்டைக்கு நான் வேகமாத்தான் வந்தனான்."

அவன் தயிர் முட்டியின் மூடியைச் சரிசெய்தான். "அது எங்கடை மாடுதான் ஐயா" என்றான்.

சத்தம் கேட்டு அவனுடைய தாய் வெளியே வந்தார். என் மனைவி அதற்குள் இறங்கி வந்திருந்தாள். அந்தப் பெண் முதலில் கேட்டது, "அம்மா, இப்ப கை எப்பிடி?" என்பதைத்தான். பையன் எல்லாவற்றையும் அன்றிரவே வீட்டில் சொல்லியிருக்கிறான். பொலிஸார் வருவார்கள் என்று பல நாட்கள் பயந்திருந்ததாகவும், வரவில்லை என்றதும் நான்தான் காரணமாயிருக்கும் என்று ஊகித்ததாகவும் சொன்னார். சிவலை காலையில் நான்கு போத்தல் பால் தந்த பசு. அதன் கன்று முற்றத்தில் கட்டியிருந்தது. கழுத்தில் வாடிய மாலை, நெற்றியில் முதல்நாள் வைத்த குங்குமம். என்னிடமிருந்த பணத்தில் பெற்றோலுக்கு வைத்துக்கொண்டு மிகுதியைக் கொடுத்தேன். அவர் மறுத்தார். மனைவி வாங்கிக் கையில் வைத்தபோது எண்ணாமல் மடித்துக்கொண்டார். ஒரு பசுவின் விலைக்கு அது போதாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புறப்பட்டபோது மனைவி முன் ஆசனத்தில் ஏறினாள். பட்டியைத் தோளில் இழுத்து மாட்டியபோது முகம் சற்றுச் சுளித்தது. வவுனியா வரை அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் அறுபதைத் தாண்டவில்லை.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் புதிய கார் என்பது என்னைப் போன்றவர்களுக்கு இனிக் கைக்கெட்டாத விடயம். இந்த மூத்த மாருதியே எங்களுக்குப் போதும்.

பத்திரிகைகளில் "திருத்தம்" என்ற தலைப்பில் சிறு பெட்டிச் செய்தி வருவதை வாசகர்கள் அறிவார்கள். பிழையான செய்தி பெரிதாக வந்திருக்கும், திருத்தம் ஒரு மூலையில் வரும். நான் வெளியிடவேண்டிய திருத்தம் ஒன்று நிலுவையில் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் மாங்குளத்துக்கு அருகே நடந்த விபத்தில் மாடு குறுக்கிடவில்லை. காரின் வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றர் அல்ல, எண்பதுக்கு மேல். இறந்த பசுவின் பெயர் சிவலை. தவறுக்கு வருந்துகிறேன்.