தாண்டிப் போகாத இடம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பவர்களிடம் உறவினர்கள் முதலில் கேட்பது தேர்வைப் பற்றித்தான். பதினான்கு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பை எழுதிவிடலாம் என்றதும் சமாதானமடைந்துவிடுவார்கள். எனக்குப் பெரிய கேள்வி வேறு: எந்தத் தமிழை இவர்கள் செவியில் இடுவது? குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் உருது, நடுவே லுங்கித் தறியின் ஓசை. பேச்சுத் தமிழுக்குக் குறைவில்லை. நீண்டதொரு வாக்கியத்தை முடியும்வரை பின்தொடர்ந்து கேட்கும் பொறுமைதான் தானாக வருவதில்லை.

ஆகவே இரவு உணவுக்குப் பின் முக்கால் மணி நேரம் உரக்க வாசிக்கிறோம். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு எட்டு. முதலில் எடுத்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879இல் அச்சேறிய தமிழின் முதல் நாவல் என்று எல்லோரும் சொல்வார்கள், படித்தவர்களைத்தான் காணோம். கதைக்குள் கதையாக வருவதால் எங்கு நிறுத்தினாலும் மறுநாள் தொடரலாம். அதன் நாயகனும் வீட்டில் படித்தவனே! அவன் தவறு செய்தால் உடன் படிக்கும் கனகசபைக்கு அடி விழும். சிரிப்பான் என்று எதிர்பார்த்த மகன், “கனகசபை ஏன் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை?” என்றான். நீண்ட உபதேசப் பகுதிகளை நான் தயக்கமின்றித் தாண்டிவிடுவேன்.

சிக்கல் பாரதத்தில் வந்தது. ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ சிறுவர்க்கு எளிது. ஆனால் நான் வில்லிபுத்தூராரையே எடுத்தேன். எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும். எழுத்தறியாதவர்களும் அமர்ந்து கேட்டு வளர்த்த காவியம் அது. பிரசங்கியார் செய்வதுபோலச் செய்யுளை முதலில் சந்தத்தோடு சொல்லிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்கிறேன். மகனுக்குப் பாதி விளங்காது. ஆனால் தாளத்தைத் தட்டில் தட்டிக்கொண்டிருப்பான்.

சூதுபோர்ச் சருக்கம் நெருங்கியதும் துகிலுரிதலை விட்டுவிடுங்கள் என்றாள் மனைவி. அம்மா ஒப்பவில்லை. ஏழு வயதில் கோயில் திடலில் சாக்கு விரித்து அமர்ந்து அதைப் பார்த்தவர் அவர். “ஊரே அழுதது, யாரும் எங்கள் கண்ணைப் பொத்தவில்லை” என்றார். திடலில் துயரம் ஊருக்கெல்லாம் பங்காகிவிடும். இங்கே கேட்பது இரண்டு பிள்ளைகள், குரலோ தகப்பனுடையது. மனைவியின் தயக்கத்தில் நியாயம் இருந்தது. இருந்தும், அந்த இடத்தை எடுத்துவிட்டால் பின்னால் வரும் போருக்குக் காரணமே இராது. படித்தேன்.

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “பீஷ்மர் பெரியவர்தானே, ஏன் எழுந்து நிற்கவில்லை?” என்று கேட்டாள். தருமம் நுட்பமானது என்று அவர் சொன்ன மறுமொழியைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் என்றுமே போதியதில்லை. துரியோதனனின் தம்பியருள் விகர்ணன் ஒருவன் எழுந்து நியாயம் பேசிய பகுதியைத் திரும்பவும் படிக்கச் சொன்னாள். மறுநாள் மாலை நான் கடையிலிருந்து திரும்பியபோது அதே பகுதியைத் தம்பிக்கு, தட்டுத்தடுமாறி, அவளே வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கறிகாய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.